வன்னியில் பழைய எப்எம் டியூனர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னியில், முள்ளியவளையில் என் வீட்டு முன்னறையில் ஐந்து பழைய எப்எம் டியூனர்கள் இருக்கின்றன. மூன்று பாடுகின்றன, இரண்டு மேசையில் திறந்தபடி கிடக்கின்றன. டியூனர் என்றால் ஸ்பீக்கரோ அம்பிளிபையரோ இல்லாத வானொலிப் பெட்டி. அலையைப் பிடித்து ஒலியாக்கி அம்பிளிபையருக்குக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்த ஒரு வேலையை அது எவ்வளவு வடிவாகச் செய்யும் என்று காதால் கேட்டறிந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டியையோ படத்தையோ கொண்டுவந்து காட்டிக் கேட்கும் கேள்விகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

போனிலேயே வானொலி கேட்கலாம். பிறகு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி?

போனில் இணையம் வழியாக வரும் வானொலி, வழியிலேயே நசுக்கிச் சுருக்கப்பட்டு வருகிறது. டேட்டா முடிந்தால் அதுவும் நின்றுவிடும். எப்எம் அலை கோபுரத்திலிருந்து நேரே உங்கள் கூரைக்கு வருகிறது. 15 கிலோஹேர்ட்ஸ் வரை ஒலி, இரண்டு பக்கமும் பிரிந்த ஸ்டீரியோ, காசும் இல்லை. அமெரிக்கப் பொறியியலாளர் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் 1933இல் இதற்குக் காப்புரிமை பெற்றதே இடியும் மோட்டாரும் கிளப்பும் கரகரப்பிலிருந்து வானொலியை மீட்பதற்காகத்தான்.

சில போன்களுக்குள்ளும் எப்எம் சிப் உண்டு. அதற்கு அன்டெனா இயர்போன் வயர். 1970களில் ஒரு டியூனர் செய்தவர்களுக்கு எப்எம்தான் வீட்டுக்குள் நல்ல இசை வரும் பெரிய வாசல். அதனால் அந்தக் காலத்தின் திறமான பொறியியலை அதற்குள் கொட்டினார்கள். கனத்த ட்ரான்ஸ்போமர், நாலைந்து அடுக்குச் சுழல் கண்டென்சர், பக்கத்து அலைவரிசையை வெட்டித் தள்ளும் வடிகட்டிகள் எல்லாம் உள்ளே இருக்கும்.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், பாட்டை விடப் பேச்சில்தான் முதலில் தெரியும். இரவு மரண அறிவித்தல் வாசிக்கும்போது கேட்டுப் பாருங்கள். அறிவிப்பாளர் ஒரு பெயரை முடித்து அடுத்த பெயருக்கு முன் மூச்சு எடுப்பார், தாள் திரும்பும், அந்த அறையின் அமைதிகூட வரும். எங்கள் சனத்துக்கு அந்த அறிவித்தல் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெயரும் ஊரும் பிசகாமல் காதில் விழ வேண்டும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய சின்ன வானொலியில் அப்பா காதை வைத்து பிபிசி தமிழோசை கேட்பார். கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துவிடும். அது சிற்றலை, இது பண்பலை. ஆனாலும் ஒரு குரலைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கேதான் தொடங்கியது.

கனடாவில் மாமா, நோர்வேயில் அக்கா, கொழும்பில் யப்பான் சாமான் கடை. எங்கே இருந்து எடுப்பது நல்லது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். ஐரோப்பாவிலிருந்து எடுங்கள்.

எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். எங்கள் எப்எம் 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் எல்லைக்குள். ஐரோப்பியப் பெட்டிக்கும் இதே எல்லை, கரண்டும் எங்களுக்கு ஒத்தது. கொண்டுவந்து கொழுவினால் போதும்.

யப்பான் உள்நாட்டுப் பெட்டி பார்க்கப் புதிதுபோல இருக்கும், விலையும் ஆசை காட்டும். ஆனால் அது 100 வோல்ட். அதைவிடப் பெரிய சிக்கல், யப்பானின் எப்எம் 76இல் தொடங்கி அந்தக் காலத்தில் 90இலேயே முடிந்துவிடும். எங்கள் நிலையங்களில் பெரும்பாலானவை 90க்கு மேலே. யப்பான் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியும், அதற்காகத்தானே அலை எல்லையை மாற்றித் தரும் பாண்ட் எக்ஸ்பாண்டர் பூட்டுகிறார்கள். காருக்கு அது போதும். நல்ல டியூனருக்கு முன்னால் அப்படி ஒரு மலிவுப் பெட்டியைப் பூட்டினால் நல்ல டியூனர் வாங்கியதன் பயனே போய்விடும்.

கனடா, அமெரிக்கப் பெட்டியில் அலை எல்லை சரி, ஆனால் 120 வோல்ட். என்னிடம் வந்த முதல் கனடாப் பெட்டி, வீட்டில் பிளக்கை மட்டும் மாற்றி 230இல் கொழுவி, ட்ரான்ஸ்போமர் கருகிய மணத்தோடுதான் வந்தது. பின்பக்கத்தில் வோல்ட் மாற்றும் சுவிட்ச் அல்லது சின்னக் கட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சிலவற்றில் உண்டு. இல்லாவிட்டால் 230ஐ 110 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். டியூனர் இழுப்பது மிகக் குறைவு என்பதால் சின்னதே போதும்.

நோர்வே தன் தேசிய ஒலிபரப்புகளை 2017இல் எப்எம்மிலிருந்து எடுத்துவிட்டது. சுவிற்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு 2024 முடிவோடு எப்எம்மை நிறுத்தியது. அங்கே எத்தனையோ வீடுகளில் அருமையான டியூனர்கள் வேலையில்லாமல் அலுமாரிக்கு மேல் கிடக்கின்றன. இந்த இரண்டு நாட்டிலும் எங்கள் ஆக்கள் இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு வருபவர்களிடம் சொல்லிவையுங்கள். பயணப் பெட்டியில் உடுப்புக்கு நடுவில், கண்ணாடி முகப்பு மேலே பார்க்கும்படி வைத்துக் கொண்டுவரலாம்.

கனடாப் பெட்டி ஏற்கனவே வந்துவிட்டது. சத்தம் ஏன் மொத்தையாக இருக்கிறது?

ஒலிபரப்பும்போது உயர்ந்த சுரங்களைக் கொஞ்சம் தூக்கி அனுப்புவார்கள், டியூனர் அதே அளவுக்குத் தாழ்த்திக் கொடுக்கும். இரைச்சலைக் குறைக்க இப்படி ஒரு ஏற்பாடு. வட அமெரிக்காவில் அந்த அளவு 75 மைக்ரோசெக்கன், ஐரோப்பாவிலும் உலகின் பெரும்பகுதியிலும் 50. 50இல் வருவதை 75 பெட்டி தேவைக்கு மேல் தாழ்த்திவிடும். 10 கிலோஹேர்ட்ஸில் ஏறத்தாழ 3 டெசிபெல் போய்விடும். தாளச் சத்தமும் வீணையின் நகமும் மங்குவது அதனால்தான்.

மாற்றுவது எளிது. ஸ்டீரியோ பிரிக்கும் சிப்புக்குப் பிறகு இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு சின்னக் கண்டென்சர்களைக் கழற்றி, மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ளதைப் போட வேண்டும். சிலவற்றில் பின்னால் இதற்கென்றே 50, 75 சுவிட்ச் இருக்கும். வட அமெரிக்க டிஜிட்டல் பெட்டிகளில் இன்னொரு தடை உண்டு. அவை 100.1, 100.3 என்று ஒற்றைப்படையாகவே தாவும், 100.4க்கு வராது. இலக்கத்துக்குப் பதிலாக முள் ஓடும் பெட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வன்னியில் சிக்னல் இருக்கிறதா?

இருக்கிறது, பலர் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. கொக்காவிலில் 1990இல் பழைய ஒலிபரப்புக் கோபுரம் அழிந்த பிறகு இருபது வருசத்துக்கு மேல் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. புதிய கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது, உயரம் ஏறத்தாழ 170 மீற்றர். ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் போகும்போது காணலாம்.

எப்எம் அலை பெரும்பாலும் கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போகும். கணக்கும் சின்னதுதான். கோபுரத்தின் உயரம், உங்கள் அன்டெனாவின் உயரம் இரண்டுக்கும் வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் விடை வரும். 170 மீற்றர் உச்சியிலிருந்து அனுப்புகிறார்கள், உங்கள் அன்டெனா 9 மீற்றரில் இருக்கிறது என்று வைத்தால் 66 கிலோமீற்றர். கொக்காவிலிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கும். எங்கள் மண்ணில் மலை இல்லை, மாடிக் கட்டடங்கள் குறைவு. கொழும்பில் நாலு சுவரில் அடிபட்டு வரும் அலை இங்கே வயலுக்கு மேலாக நேரே வருகிறது. நல்ல டியூனருக்கு இதைவிட வசதியான இடம் நாட்டில் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

அப்படியென்றால் எனக்கு ஏன் இரைகிறது?

அன்டெனா. பத்தில் ஒன்பது பேருக்கு விடை இதுதான். டியூனரின் பின்னால் ஒரு துண்டு வயரைச் செருகிவிட்டுப் பெட்டி பழுது என்று கொண்டுவருகிறார்கள். பெட்டிக்குச் செலவழிக்க வைத்திருந்த காசில் ஒரு பங்கைக் கூரைக்கு மேல் போடுங்கள்.

நீங்களே செய்யலாம். இரண்டு அலுமினியக் குழாய், ஒவ்வொன்றும் 73 சென்ரிமீற்றர். நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, மழை படாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு நேர்கோட்டில் பொருத்துங்கள். டிஷ் டிவிக்குப் பாவிக்கும் 75 ஓம் வயரின் நடுக்கம்பியை ஒரு குழாய்க்கும் பின்னலை மற்றக் குழாய்க்கும் திருகுங்கள். 98 மெகாஹேர்ட்ஸுக்கு, அதாவது அலை எல்லையின் நடுவுக்கு, இது அளவு சரி. பழைய டியூனரில் 300 ஓம் திருகுகள் மட்டும் இருந்தால் இடையில் பேலன் என்ற சின்னத் தீப்பெட்டி அளவு மாற்றி ஒன்று தேவை. பழைய டிவி அன்டெனாக்களின் பின்னால் தொங்கியது அதுதான், கழற்றி எடுத்து வையுங்கள்.

குழாயின் முனையல்ல, நீளப் பக்கம் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். எனக்குக் கொக்காவில் மேற்கே, ஆகவே என் குழாய் வடக்குத் தெற்காக நீளுகிறது. கிளிநொச்சிக்காரருக்குக் கொக்காவில் தெற்கே, அவர்கள் கிழக்கு மேற்காக வைக்க வேண்டும். படுக்கையாகவும் நிமிர்த்தியும் இரண்டு விதமாகவும் வைத்துப் பாருங்கள், எதற்கு முகப்பில் சிக்னல் பலம் காட்டும் மீற்றர் முள் எழும்புகிறதோ அதுதான் சரி.

என் வீட்டில் அதைச் செய்த நாள் நினைவிருக்கிறது. மருமகன் கூரை முகட்டில் நின்று ஜிஐ பைப்பைத் திருப்ப, நான் யன்னலுக்குள் இருந்து முள்ளைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம்... நில், நில், பின்னுக்கு விடு!" முள் மூன்றிலிருந்து மெல்ல நாலரைக்கு ஏறியது. ஏறிய அந்தக் கணத்தில் பின்னணி இரைச்சல், அடுப்பில் தண்ணீர் கொதித்து அடங்கியதுபோல அடங்கிவிட்டது. பெட்டிக்குள் நான் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

மோனோவில் சுத்தமாக இருக்கிறது, ஸ்டீரியோ லைற் எரிந்தவுடன் இரைகிறது. பழுதா?

பழுதில்லை. எப்எம்மில் சுரம் உயர உயர இரைச்சலும் கூடும். ஸ்டீரியோவின் இடம் வலம் பற்றிய தகவல் 38 கிலோஹேர்ட்ஸ் பக்கம் உயரத்தில் ஏற்றி அனுப்பப்படுகிறது, கீழே இறங்கும்போது அங்குள்ள இரைச்சலையும் கூட்டிக்கொண்டு வரும். மோனோவை விட ஏறத்தாழ 20 டெசிபெல் பலமான சிக்னல் கிடைத்தால்தான் ஸ்டீரியோ அதே அளவு அமைதியாக ஒலிக்கும். அன்டெனாவை உயர்த்துங்கள். முடியாவிட்டால் தூர நிலையத்துக்கு மோனோவை அழுத்துங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. நாதஸ்வரம் மோனோவிலும் நாதஸ்வரம்தான்.

பலமான நிலையத்திலும் லைற் எரியவில்லை என்றால் அது வேறு. ஒலிபரப்போடு வரும் 19 கிலோஹேர்ட்ஸ் பைலட் என்ற அடையாளச் சிக்னலை உள்ளே இருக்கும் சிப் பிடிக்கத் தவறுகிறது. வருசங்கள் போக அதன் ஊசலியின் அதிர்வெண் விலகியிருக்கும். தெரிந்தவர் கையில் அதிர்வெண் மானி இருந்தால் ஒரே ஒரு திருகில் சரியாகும்.

இரவில் தமிழ்நாட்டு நிலையங்கள் தானாக வருகின்றன. எப்படி?

காற்று ஓய்ந்த வெக்கை இரவுகளில் கடலுக்கு மேல் சூடான காற்று ஒரு மூடிபோலப் படியும். அலை அதற்கும் கடலுக்கும் இடையில் குழாய்க்குள் போவதுபோல நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வழுக்கிக்கொண்டு வரும். வாடையும் சோளகமும் பலமாக அடிக்கும் நாளில் எதிர்பார்க்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில், விடியப்புறம், முற்றத்தில் இலை அசையாத நேரம்தான் அதற்கு நேரம்.

காரைக்கால் வானொலி 100.3இல். கொடைக்கானல் 100.5இல், மலை உச்சியிலிருந்து. இரண்டுக்கும் இடையில் வெறும் 0.2. சாதாரணப் பெட்டியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உழக்கும். நல்ல டியூனரின் அருமையை நான் ஆக்களுக்குக் காட்டுவது இங்கேதான். முகப்பில் அகலம், ஒடுக்கம் என்று இரண்டு நிலையுள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். அகலத்தில் வைத்தால் ஒலி தடையில்லாமல் வரும், அருகில் வேறு நிலையம் இல்லாதபோது அதுதான் நல்லது. ஒடுக்கத்துக்குத் தள்ளினால் உள்ளே கூடுதல் வடிகட்டிகள் சேர்ந்து, பக்கத்து நிலையத்தைக் கதவு சாத்தியதுபோல வெளியே நிறுத்திவிடும். ஒலியின் நுணுக்கம் கொஞ்சம் போகும், நிலையம் நிற்கும். பத்துப் பதினைந்து கம்புள்ள திசை அன்டெனா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இங்கிருந்து காரைக்கால் வடக்குப் பக்கம், கொடைக்கானல் மேற்குப் பக்கம். பைப்பைத் திருப்பினாலே ஒன்று தேயும், மற்றது எழும்பும்.

ஒரு மாசி மாத விடியலில் கொடைக்கானலிலிருந்து ஒரு வயலின் தனிக் கச்சேரி முக்கால் மணித்தியாலம் ஸ்டீரியோவில் நின்றது. வெயில் ஏற ஏற முள் இறங்கி, ஏழரைக்குள் போய்விட்டது. அதைத் தேடிப் பிடிக்க முடியாது, வந்தால் கேட்க ஆயத்தமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்து நானே துப்பரவு செய்யலாமா?

செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருந்தால். பிளக்கைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் திறவுங்கள்.

எங்கள் ஊர்ப் பெட்டிகளில் நான் முதலில் தேடுவது குளவிக்கூடு. வண்டு குடையும் துளையளவு காற்றோட்ட வழி இருந்தால் போதும், மண்ணைக் குழைத்துக் கொண்டுபோய் உள்ளே கட்டிவிடும். ஒருமுறை சுழல் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவிலேயே கட்டியிருந்தது. தகடுகள் மயிரிழை இடைவெளியில் ஒன்றுக்குள் ஒன்று போய்வருபவை. ஒரு தகடு வளைந்தால் அந்தப் பெட்டியின் அளவெல்லாம் பிசகும். நான் கூட்டை உடைக்கவில்லை. ஸ்பிரிற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, நீர்வர்ணத் தூரிகையால் இரண்டு மாலைப்பொழுது தட்டித் தட்டி எடுத்தேன். உள்ளே காய்ந்த புழு ஒன்றும், அதற்குத் தாய் வைத்துவிட்டுப் போன சிலந்திகளும் இருந்தன. தகடு ஒன்றும் வளையவில்லை. இப்போது முன்னறையில் பாடுபவற்றில் அதுவும் ஒன்று.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால், அந்தக் கண்டென்சரின் அச்சைத் தொட்டபடி இருக்கும் சின்ன வில்தகடுகளுக்கு ஒரு சொட்டு கொன்ராக்ட் கிளீனர். சைக்கிள் செயினுக்கும் துருவுக்கும் அடிக்கும் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

சின்ன வெள்ளித் தகரக் கூடுகளுக்குள் வர்ணத் தலையோடு திருகுகள் தெரியும். தயவுசெய்து அவற்றைத் திருகாதீர்கள். அவை 10.7 மெகாஹேர்ட்ஸில் அளவு வைத்துப் பூட்டப்பட்டவை. கருவியில்லாமல் ஒருமுறை திருகினால் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது, உள்ளே இருக்கும் கருங்கட்டியும் உடையும். பெட்டி பழுதாகி வருவதை விட, இப்படித் திருகுப்பட்டு வருவதுதான் எனக்குக் கூடுதல் வேதனை.

முள் ஓடும் பெட்டியா, இலக்கம் காட்டும் பெட்டியா?

தினமும் இரண்டு மூன்று நிலையம் மட்டும் கேட்பவருக்கு இலக்கம் காட்டுவது வசதி, விலகாது. தேடிக் கேட்பவருக்கு முள். கனத்த குமிழைச் சுண்டிவிட்டால் முழு எல்லையையும் ஒரு மூச்சில் ஓடிவரும், வழியில் மெல்லிசாக ஒரு நிலையம் தட்டுப்பட்டால் கை தானாக நிற்கும். போட்டவுடன் பத்து நிமிடம் சூடேற விட்டுப் பிறகு நுணுக்கமாகச் சரிசெய்யுங்கள்.

எந்தக் கம்பெனி, எந்த மொடல்?

பெயருக்குப் பின்னால் அலைய வேண்டாம். திரையில் அலைவடிவம் காட்டும் மராண்ட்ஸ் 10பி, 1972இல் வந்த மக்கின்டோஷ் எம்ஆர் 78 எல்லாம் பேர்போனவை, சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். கென்வூட், ஐரோப்பாவில் அதே கம்பெனி ட்ரியோ என்ற பெயரில் விற்றவை, சன்சுயி, யமஹா, பயனியர், சோனி, டெக்னிக்ஸ் ஆகியவற்றின் 1970களின் நடுத்தரப் பெட்டி எது கிடைத்தாலும் எடுங்கள். வன்னியின் திறந்த வெளியில், நல்ல அன்டெனாவோடு, நடுத்தரப் பெட்டிக்கும் உச்சப் பெட்டிக்கும் வித்தியாசம் தூர நிலையங்களில்தான் தெரியும்.

அம்பிளிபையரில் எங்கே கொழுவுவது?

டியூனர் அல்லது ஆக்ஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில். போனோவில் வேண்டாம், அது இசைத்தட்டுக்கு உரியது, சத்தம் குழம்பி வெடிக்கும்.

பகலில் சுத்தம், இரவு விளக்குப் போட்டதும் இரைகிறது.

மலிவு எல்ஈடி பல்பு, போன் சார்ஜர், சோலார் இன்வேட்டர். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், குற்றவாளி தானாகத் தெரியவரும். அன்டெனா வயரை அவற்றின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

இடிமின்னலுக்கு என்ன செய்வது?

சித்திரை பின்னேர இடியும் ஐப்பசி மாரியும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. வயல்வெளியில் உயர நிற்கும் ஒரே இரும்பு உங்கள் பைப்பாகத்தான் இருக்கும். அதன் அடியைத் தடித்த செப்புக்கம்பியால் நிலத்தில் அடித்த கம்பியோடு இணையுங்கள். அதை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். தெற்கே வானம் கறுக்கும்போதே, முதல் முழக்கத்துக்கு முன்னால், அன்டெனா வயரையும் பிளக்கையும் கழற்றுங்கள். நான் வயரின் முனையை யன்னலுக்கு வெளியே, சுவரில் அடித்த ஆணியில் தொங்கவிடுவேன். மழை விட்டுத் தவளை கத்தத் தொடங்கிய பிறகுதான் திரும்பக் கொழுவுவேன்.